தம்பி சுவாமிக்கு ஸ்காபரோவிலிருந்து

ஸ்காபரோ, ரொறன்ரோ
தவக்காலம்

அன்புள்ள தம்பி சுவாமிக்கு,

அண்ணன் எழுதுவது. கோடைக்கு மூன்று மாதம் உதவிக் குருவாக இங்கே வருகிறீர் என்று சின்னம்மா ரெலிபோனில் சொன்னா. சொல்லும்போதே அழுதா. சந்தோஷத்திலோ, பிள்ளை குளிரில் விறைத்துப் போகும் என்ற பயத்திலோ தெரியவில்லை. ஆடி ஆவணியில் இங்கே வியர்த்து ஒழுகும் என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கியிருப்பா. வாதாடாமல் வாங்கிக்கொண்டு வாரும்.

உம்மை எப்படி விளித்து எழுதுவது என்பதே பெரிய சோலியாய்ப் போயிற்று. சின்ன வயதில் உமக்கு மூக்குத் துடைத்துவிட்டவன் நான். "டேய்" என்று தொடங்கினால் மனுசி கடதாசியைப் பறித்துக் கிழித்துப்போடுவா. "வணக்கத்துக்குரிய" என்று தொடங்க எனக்கு வாய் வராது. அதனால்தான் தம்பி சுவாமி.

இங்கே பங்கு வாழ்க்கை எப்படி, எதற்கு ஆயத்தமாக வரவேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தீர். இப்படி ஒரு குருவானவருக்குப் புத்திமதி எழுதும் முதல் ஆள் நானல்ல. 1637இல் ழான் டி பிரெபூஃப் என்ற பிரெஞ்சு யேசுசபைக் குரு, ரொறன்ரோவுக்கு வடக்கே வென்டாற் மக்களோடு இருந்துகொண்டு, தனக்குப் பின்னால் வரப்போகும் குருமாருக்கு அறிவுரை எழுதி அனுப்பினார். ஹியூரன் என்று பிரெஞ்சுக்காரர் கூப்பிட்டது அந்தச் சனத்தைத்தான். அந்த அறிவுரையில் வேதசாஸ்திரத்தைத் தேடினால் அகப்படாது. முக்கால்வாசியும் வள்ளத்தைப் பற்றியது. ஏறுகிற நேரத்தில் அந்தச் சனத்தைக் காக்கவைக்க வேண்டாம். அங்கியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், வள்ளத்துக்குள் தண்ணியும் மணலும் வரக்கூடாது. சோளக்கூழ் அரைவேக்காடாக இருந்தாலும் முகம் சுழிக்காமல் குடியுங்கள். கேள்வி கனக்கக் கேட்கவேண்டாம். கடைசிவரை வலிக்க எண்ணமில்லையென்றால் துடுப்பைத் தொடவே வேண்டாம். பாசையூர்க் கடற்கரையில் பிறந்த எனக்கு இதை வாசித்த உடனே ஆளைப் பிடித்துவிட்டது. தொழில் தெரிந்த மனுசன்.

நான் வள்ளத்துக்குப் பதிலாகக் காரைப் பற்றி எழுதுகிறேன்.

பங்கு என்றால் கோயில் கட்டடம் என்று எண்ணிக்கொண்டு வராதேயும். பாதிப் பங்கு கார் பார்க்கிங்கில் இருக்கிறது. ஊரில் முதல் மணி அடிக்கக் குளித்து, இரண்டாம் மணிக்குச் சீலை உடுத்து, மூன்றாம் மணிக்கு நடந்தே கோயிலுக்குப் போய்ச் சேர்வோம். இங்கே மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு திசையில். கிழமை முழுக்கத் தமிழ் முகம் காணாமல் தொழிற்சாலையில் நின்ற மனுசனுக்குப் பூசை ஒரு மணித்தியாலம், பார்க்கிங் ஒன்றரை மணித்தியாலம். வீட்டுக்கடன் வட்டி ஏறினது, யாருடைய மகள் யாரைப் பார்த்து வைத்திருக்கிறாள், கொழும்பில் காணி விற்றவன் காசை எப்படி எடுத்தான், எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையிலும் நடக்கும். காரை இயங்க விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிவிட்டுக் கதைப்பார்கள். கடைசி ஆசீர்வாதம் முடிந்ததும் சங்கீஸ்துக்குள் போய் உடுப்பை மாற்றிக்கொண்டு அறைவீட்டுக்குப் போய்விட்டீரானால், பங்கில் பாதிப் பேரை நீர் சந்திக்கவேயில்லை என்று அர்த்தம். வெளியே வந்து நில்லும். பெண்கள் சங்கத்து மீன் ரோல்ஸ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லும். இரண்டு மாதத்துப் பாவசங்கீர்த்தனம் அரை மணித்தியாலத்தில் காதில் விழும்.

நாங்கள் இங்கே வந்து நிறைந்த கதை உமக்குத் தெரியும். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களில் கனபேர் முதலில் குந்தியது செயின்ட் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில். அங்கிருந்து நடை தூரத்தில் ஷேர்போர்ன் வீதியில் லூர்து மாதா கோயில். தமிழ் விளங்குகிற சாமியார் கிடைக்காவிட்டாலும் மாதாவின் முகம் விளங்கியது. பிறகு கையில் கொஞ்சம் காசு புழங்க ஸ்காபரோவுக்கு நகர்ந்தோம். இப்போது தமிழருக்கென்றே ஆரோக்கிய அன்னை பெயரில் ஒரு பங்கு இருக்கிறது. ரொறன்ரோ உயர் மறைமாவட்டத்தில் கிழமைக்கு முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் பூசை நடக்கிறது. பேராயர் பிராங்க் லியோவே இத்தாலியிலிருந்து குடிவந்த குடும்பத்துப் பிள்ளைதான், மொன்றியலில் பிறந்தவர். 2024 மார்கழியில் கர்தினால் ஆனார். வந்து சேர்ந்தவன் பாடு அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மொன்றியல் என்றதும் நினைவு வந்தது. உம்முடைய அமலமரித் தியாகிகள் சபை அங்கே கால் வைத்தது 1841இல். இலங்கைக்கு வந்தது 1847இல். சபை ஆறு வருஷம் முந்தியே கனடாவுக்கு வந்துவிட்டது. நீர்தான் பிந்தி வருகிறீர்.

1986 ஆவணி 11ஆம் திகதிக் கதையை இங்கத்தைய பிள்ளைகளுக்குப் பிரசங்கத்தில் ஒருக்காச் சொல்லும். நியூபவுண்லாந்துக்குக் கிட்ட அத்திலாந்திக் கடலில் இரண்டு உயிர்காப்பு வள்ளங்களில் விடப்பட்டு மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை, கஸ் டால்ரன் என்ற மீன்பிடிகாரர் கண்டு காப்பாற்றினார். அதற்குக் கிட்ட உள்ள குடாவின் பெயர் செயின்ட் மேரிஸ். மாதா தன்னுடைய பெயருள்ள இடமாகப் பார்த்துத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தா என்று என் மனுசி இன்றைக்கும் சாதிப்பா. தொழிலுக்குப் போன ஒரு கடற்காரன் கண்டான் என்பதே எனக்குப் போதும்.

இனி நேரத்தைப் பற்றி. எங்கட சனம் பூசைக்குப் பிந்தி வரும் என்பது ஊரிலே தெரிந்த விசயம். இங்கே அதற்கு அரசாங்கமே உதவி செய்கிறது. பங்குனியில் இரண்டாம் ஞாயிறு எல்லா மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டும். அன்றைக்கு வாசகம் வாசிக்க வேண்டியவர் நன்மை கொடுக்கும் நேரத்தில் மூச்சிரைக்க வந்து சேருவார். கார்த்திகை முதல் ஞாயிறு திருப்பிப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றைக்கு மட்டும் தமிழர் நேரத்துக்கு நிற்பார்கள். பிலிப்பைன்காரரோடோ வேறு யாரோடோ கோயிலைப் பங்கிட்டுக்கொள்ளும் இடமென்றால் இன்னும் கவனம். முந்தின பூசை முடிந்த கையோடு எங்கட கீபோட் உள்ளே போக வேண்டும், எங்கட பூசை முடிந்த கையோடு அவர்களுடைய கித்தார் வந்து வாசலில் நிற்கும். பிரசங்கம் பன்னிரண்டு நிமிஷம். பதின்மூன்றாவது நிமிஷம் பின்வாங்கில் இருக்கும் பெடியங்கள் ரெலிபோனை எடுப்பார்கள்; அதற்கடுத்த நிமிஷம் தகப்பன்மாரும்.

மெழுகுதிரி விசயத்திலும் உமக்குச் சோதனை இருக்கிறது. தீப் பயத்தால் சில கோயில்களில் உண்மைத் திரி கொளுத்த விடமாட்டார்கள். உண்டியலில் காசைப் போட்டுப் பொத்தானை அமத்தினால் சின்ன மின்விளக்கு ஒன்று மினுமினுக்கும், குறித்த நேரம் எரிந்துவிட்டுத் தானாக நூரும். ஒரு ஆச்சி என் சட்டையைப் பிடித்து நிறுத்திக் கேட்டா: "தம்பி, மகனுக்கு விசா கிடைக்க வேணுமெண்டு நேந்து கொளுத்தினனான். நான் திரும்பிப் பாக்க நூந்து கிடக்கு. நேர்த்தி சேர்ந்ததோ, சேரேல்லையோ?" நான் ஒரு கனேடியச் சாமியாரிடம் கொண்டுபோய் விட்டேன். மொழிபெயர்த்தும் அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஆச்சி உமக்காகக் காத்திருக்கிறா. மறுமொழியை விமானத்தில் யோசித்துக்கொண்டு வாரும்.

சாம்பிராணியும் அப்படித்தான். வாடகை மண்டபம் ஒன்றில் ஒரு திருவிழாவுக்கு, ஊர் நினைப்பில் பெடியன் ஒருவன் தூபக்கலசத்தை வீசு வீசென்று வீச, கூரையில் இருந்த புகைக்கருவி அலறத் தொடங்கிவிட்டது. தீயணைப்பு வண்டி சிவப்பு விளக்கோடு வந்து நின்றது. தொப்பியும் சப்பாத்துமாக இறங்கின நாலு மல்லர்கள் நெருப்பைத் தேடினார்கள். அந்தோனியார் சுருபத்தைக் கண்டார்கள். வந்தவர்களை வெறுங்கையோடு விடுவதா என்று பெண்கள் சங்கம் ரோல்ஸ் கட்டிக் கொடுத்தது. உறைப்பு ரோல்ஸ் என்பதை யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பிறகு தண்ணீர் தேவைப்பட்டிருக்கும்.

காணிக்கைக்கு இங்கே உறை. வருஷத் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலக்கம் போட்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் திகதி அச்சடித்து ஒரு பெட்டி நிறைய உறை தருவார்கள். வருஷம் முடிந்து மாசிக்குள் இவ்வளவு கொடுத்தீர்கள் என்று பற்றுச்சீட்டு வரும். அதைக் காட்டினால் வருமான வரியில் கழிவு. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று நீர் பிரசங்கம் பண்ணுவீர். இங்கே இரண்டு கைக்கும் தெரியவேண்டும், வரிக் கந்தோருக்கும் தெரியவேண்டும். குறை சொல்லவில்லை. ஊரில் உண்டியலில் விழுந்த காசு எவ்வளவு என்று மூப்பருக்கும் மாதாவுக்கும் மட்டும்தான் தெரிந்தது. இது அதைவிட எவ்வளவோ நல்லது.

ஞானஸ்நான சேட்டிபிக்கற் கேட்டு ஊர்ப் பங்குகளுக்கு இங்கிருந்து ஏன் இவ்வளவு கடிதம் போகிறது என்று நீர் யோசித்திருக்கக்கூடும். ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கமே காசு கொடுக்கிறது. 1867இல் கனடா ஒரு நாடாகச் சேர்ந்தபோது அரசியலமைப்பிலே எழுதிவைத்த உரிமை அது. ஆரம்பப் பள்ளியில் சேர்க்கப் பிள்ளையோ தாய் தகப்பனில் ஒருவரோ கத்தோலிக்கர் என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். பிள்ளைக்கு நாலு வயதாகிப் பாலர் வகுப்பு நெருங்க, சில குடும்பங்களில் விசுவாசம் திடீரென்று பெருகும். கலியாணத்துக்குப் பிறகு கோயில் வாசல் மிதிக்காதவர்களும் முன்வாங்கில் இருப்பார்கள். என் அயல்வீட்டுச் சைவக்காரர் ஒருவர், பள்ளிக்கூடம் கிட்ட இருக்கிறது, சீருடையும் வடிவு, "உங்கட சாமியார் ஒருக்காத் தண்ணி தெளிச்சு விடுவாரோ" என்று என்னைக் கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். முழுப் பகிடியல்ல என்றும் நினைக்கிறேன்.

சைவக்காரரைப் பற்றிச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. இந்த விபூதிப் புதனன்று காலைப் பூசை பார்த்துவிட்டு நெற்றிச் சாம்பலோடு வேலைக்குப் போனேன். மேற்பார்வையாளர் முகத்தில் ஊத்தை என்று கடதாசி எடுத்து நீட்டினார். பக்கத்தில் நின்ற எங்கட பெடியன், "என்ன அண்ணை, கடைசியாய் எங்கட பக்கம் வந்திட்டியள் போல" என்றான். அன்று முழுக்க அவனுக்கு அதே பகிடி.

பிள்ளைகளுக்கு வருவோம். இங்கே பிறந்த பிள்ளைகள் பாடகர் குழாமில் தொண்டை கிழியப் பாடுவார்கள். பாட்டுக் கொப்பியை எட்டிப் பாரும். அத்தனையும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். "ழ" வரும் இடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு ஏற்ற ஒரு ஓசையைப் போடும். சிரித்துவிடாதேயும். அந்தப் பாட்டைப் பழக்க ஒரு தாய் வேலை முடிந்து வந்து, சனிக்கிழமை இரவு இருந்து வரிவரியாக எழுத்து மாற்றியிருக்கிறா. பாவசங்கீர்த்தனம் மட்டும் ஆங்கிலத்தில் சொல்லுவார்கள். பக்கத்து வாங்கில் இருக்கும் தாய்க்கு விளங்காது என்ற நம்பிக்கை. தாய்க்கு அவர்களைவிட நல்ல ஆங்கிலம் தெரியும் என்பதை நீர் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

முதல்நன்மை விருந்துகளைக் கண்டு மலைக்காதேயும். ஊரில் அன்றைக்கு ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு படம், கூடினால் ஒரு கேக். இங்கே மண்டபம், மேடை, குதிரைவண்டி வாடகைக்கு எடுத்தவர்களும் உண்டு. பிள்ளை நன்மை வாங்கினதைவிட வண்டியில் ஏறினது நீளமாக வீடியோவில் இருக்கும். எனக்கு இது பிடிக்கவே இல்லை. இதைப் பற்றிக் கடுமையாக ஒரு பிரசங்கம் வையும். ஆனால் விருந்துக்குக் கிழமை இரண்டு இருக்கும்போது வையாதேயும். மண்டபத்துக்குக் கட்டின முற்பணம் திரும்பி வராது, கோபம் மட்டும் வரும்.

அர்ச்சிஷ்டவர்களும் இங்கே வந்து பழக்கம் மாறிவிட்டார்கள். அந்தோனியார் திருநாள் ஆனி 13 எந்தக் கிழமையில் வந்தாலும் இங்கே சனி ஞாயிறில்தான் வரும். பாசையூர் அந்தோனியாருக்கு ஒரு கூட்டம், குருநகர் யாகப்பருக்கு ஒரு கூட்டம், இளவாலை, நாவாந்துறை, மன்னார்ப் பக்கம் என்று ஊருக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர், ஒரு முன்னாள் தலைவர். கொடியேற்றம் உண்டு, நவநாள் உண்டு, வெஸ்பர் உண்டு. வெடி மட்டும் இல்லை. சுற்றுப்பிரகாரத்துக்குப் பெரிய வீதியை மறிக்கக் கனக்க அனுமதி வேண்டும் என்பதால் அனேகமாகப் பார்க்கிங்கையே சுற்றி வருவோம். யாரோ ஒருவர் காரை எடுக்க மறந்திருப்பார். அந்தோனியார் அந்த ஹொண்டாவைச் சுற்றி வளைந்து போவார். உமக்கு நான் தரும் புத்தி, பிரெபூஃபின் சோளக்கூழ்ப் புத்திதான்: தலைவர் வீட்டில் சாப்பிட்டால் முன்னாள் தலைவர் வீட்டிலும் சாப்பிடும். யாருடைய புட்டு மெத்தென்று இருந்தது என்று ஒரு இடத்திலும் வாய் திறவாதேயும்.

சாவு வீடுகள்தான் உமக்கு அதிக வேலை தரும். எண்பதுகளில் இளம் பெடியங்களாக வந்து இறங்கினவர்களுக்கு வயது போய்விட்டது. அவர்கள் பின்னால் கூப்பிட்டெடுத்த தாய் தகப்பனில் கனபேர் போய்விட்டார்கள். ஊரில் துக்க மணி கேட்டுச் சனம் வரும். இங்கே வட்ஸ்அப்பில் படம் வந்து விழும். மலர்ச்சாலையில் இரண்டு நாள் பார்வைக்கு வைப்பார்கள். யூரியூப்பில் நேரலை போகும். பாரிஸில் இருக்கிற மகளும் கிளிநொச்சியில் இருக்கிற தங்கச்சியும் பார்த்து அழுவார்கள். நீர் கமராவைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சங்கடமாக இருக்கும். ஆனாலும் சொல்லும். விசா கிடைக்காமல் தாயின் முகத்தைத் திரையில் பார்த்து வழியனுப்பினவர்கள் எங்களுக்குள் கனக்க.

அப்படி ஒரு சாவு வீட்டில்தான், யேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் பாடக் கேட்டேன். இரவு வேலை செய்கிற ஒரு மனுசன், வயது எழுபதுக்குக் கிட்ட, பிரேதத்துக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, கொப்பி இல்லாமல் தொடங்கினார். பாதியில் ஒரு அடி தவறியது. மற்றப் பக்கத்தில் இருந்த இன்னொரு ஊர்க்காரர் எடுத்துக் கொடுத்தார். அவருடைய இராகம் வேறு. இரண்டு ஊர் இராகமும் முட்டுப்பட்டுக்கொண்டு போனது. பெடியங்கள் ரெலிபோனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்கள். கோவாவில் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் இங்கேயே என்று சொல்ல வாய் வருகிறது, அங்கேயே கண்மூடிய யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமி செய்த நூல் அது. கொங்கணி வீட்டுப் பிள்ளை தமிழ் படித்து எழுதினதை, தமிழ் வீட்டுப் பிள்ளைகள் ஸ்காபரோவில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

கோடையில் வருகிறீர் என்பதால் மிட்லண்ட் யாத்திரைக்கு நீர் அகப்படுவீர். 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே கிட்டத்தட்ட 150 கிலோமீற்றர். கனடாவின் வேதசாட்சிகள் எட்டுப் பேரின் திருத்தலம் அது. 1930இல் பதினோராம் பத்திநாதர் அவர்களுக்கு அர்ச்சிஷ்ட பட்டம் கொடுத்தார். கோயில் கட்டினது 1926இல். உள்ளே நிமிர்ந்து பார்த்தால் கூரை கவிழ்த்து வைத்த வள்ளத்தின் வடிவில் இருக்கும். சுகமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் அங்கே வைத்திருக்கிறார்கள். வள்ளத்தைப் பற்றி எழுதின பிரெபூஃபின் மண்டையோடும் அங்கேதான். 1649 பங்குனி 16ஆம் திகதி ஈரோக்குவாக்கள் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். 1984இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வந்து செபித்துவிட்டுப் போனார்.

எங்கட சனம் அங்கே போவது மருதமடு மாதாவுக்காக. ஒல்லாந்தருக்குப் பயந்து 1670 அளவில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோன சுருபம். 2008இல் சண்டைக்குள் மறுபடி மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்குப் போய் வந்த சுருபம். இடம்பெயர்ந்து பழகின மாதா என்பதால் மிட்லண்ட் அவவுக்குப் புதிதல்ல என்பது எங்கள் கணக்கு. ஆயிரக்கணக்கில் சனம். பொட்டு வைத்த சைவக்காரரும் சரிக்குச் சரி. மடுவுக்கும் அப்படித்தானே போவார்கள். மொட்டை அடித்த குழந்தை, நேர்த்திக்குக் கொண்டுவந்த சீலை, மரநிழல் முழுக்கப் பாய், பாய் முழுக்கச் சாப்பாட்டுச் சட்டி. பூசை நடக்கும்போதே எங்கிருந்தோ ஆட்டுக்கறி வாசம் வரும். நற்கருணை எழுந்தேற்றத்தின்போது மூடியைத் திறக்கவேண்டாம் என்று ஒலிபெருக்கியில் நீர் ஒரு அறிவித்தல் கொடுத்தால் நானே கைதட்டுவேன்.

அந்த எட்டுப் பேரில் எனக்குப் பிடித்தவர் பிரெபூஃப் அல்ல. நோயல் ஷபனேல். பிரான்சில் பேச்சுக்கலை படிப்பித்தவர். இங்கே வந்து வருஷக்கணக்கில் முயன்றும் வென்டாற் மொழி அவருக்கு வரவேயில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. புகை மண்டின வீட்டில் நித்திரை கொள்ள முடியவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று மனம் கிடந்து அடித்தபோது, 1647இல் நற்கருணைத் திருநாளன்று, சாகும்வரை இங்கேயே இருப்பேன் என்று நேர்ந்துகொண்டார். 1649 மார்கழியில் கொல்லப்பட்டார். மகன் கூப்பிட்டு வந்து பதினைந்தாம் மாடியில் இருக்கிற எங்கட ஆச்சிமாருக்கு இவரைவிடப் பொருத்தமான பாதுகாவலர் கிடைப்பாரோ? மொழி வராது, சாப்பாடு சரிவராது, ஆனாலும் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர மூன்று மணிக்குப் பனியில் நிற்பார்கள். மிட்லண்டில் பிரசங்கம் வைக்கக் கேட்டால் அவரைப் பற்றி வையும். ஆச்சிமார் அழுவார்கள், காணிக்கையும் கூடும்.

ஷபனேலைக் கொன்றது நொட்டவசாகா ஆற்றுப் பக்கம். அந்த ஆறு போய் விழுகிற இடம்தான் வசாகா கடற்கரை. யாத்திரை முடிந்து திரும்பும்போது எங்கட சனம் காலை நனைக்க வானை நிறுத்துகிற அதே இடம். அவரைப் பற்றித் தெரிந்தும் தெரியாமலும் மிச்சச் சோற்றை அங்கேதான் சாப்பிட்டு முடிப்போம்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். மாமி தரும் பனாட்டும் ஒடியல்மாவும் பெட்டியில் இருந்தால் விமான நிலையத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று எழுதிக் கொடும். மறைத்துக் கொண்டுவந்து அகப்படுகிற குருவானவரை விடுவிக்க எனக்கு வசதியில்லை. கம்பளிச் சட்டைக்கு இடம் போதாவிட்டால் அதை விட்டுவிட்டு, வியாகுலப் பிரசங்கப் புத்தகம் ஐந்தாறு பிரதி கொண்டு வாரும். பாடத் தெரிந்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். சாவு வீட்டில் பாடின அந்த மனுசனுக்கு இந்த வருஷம் நெஞ்சு ஒப்பரேஷன் நடந்தது. நீர் நிற்கும் மூன்று மாதத்துக்குள் அவரைக் கொண்டு பெடியங்கள் நாலு பேருக்காவது பழக்கிவிட வேண்டும். ஆங்கில எழுத்தில் மாற்றிக் கொடுக்க, பாட்டுக் கொப்பி எழுதின அந்தத் தாயிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

விமானம் இறங்கும் திகதியை முன்கூட்டி அறிவியும். வார நாளென்றால் நான் லீவு கேட்க வேண்டும், இரண்டு கிழமைக்கு முன்னால் சொல்லாவிட்டால் தரமாட்டார்கள்.

இப்படிக்கு,
அண்ணன்